1889: சப்ரகமுவ மாகாணமும் பலாங்கொடைத் தோட்டங்களும்

1889ஆம் ஆண்டில் இலங்கையின் பிரித்தானிய அரசு எடுத்த இரண்டு முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேல் மாகாணத்திலிருந்து இரத்தினபுரி, கேகாலை என்ற இரு மாவட்டங்களைப் பிரித்து, சப்ரகமுவ என்ற பெயரில் தனி மாகாணமாக ஆக்கியது ஒன்று. மற்றது அதே ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். தோட்டப் பதிவேட்டில் பெயர் ஏறிய இந்தியக் கூலி என்பவர் யார், அவருக்கும் தோட்டத்துக்கும் உள்ள உடன்படிக்கை எத்தகையது, சம்பளம் எத்தனை நாளுக்குள் கைக்கு வர வேண்டும் என்பவற்றை வகுத்த சட்டம் அது. மாகாணத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் முடிவோடு நின்றுவிடுகிறார்கள். மலையகத் தமிழரின் கதையைச் சொல்பவர்கள் இரண்டாவதைச் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுடைய கண் நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கமே போகிறது. இரண்டு கதைகளும் ஒரே மண்ணில் நடந்தவை. பலாங்கொடையில் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே, ஒன்றோடொன்று கலக்காமல் நடந்தன. இந்த ஊரின் நவீன வரலாற்றைப் படிக்க அந்தக் கலக்காத நிலையே திறவுகோல் என்று நான் கருதுகிறேன்.

வெள்ளைக்காரத் துரைமார் வெறும் காட்டை வெட்டி ஊராக்கினார்கள் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு. பலாங்கொடையைப் பொறுத்தவரை அது முற்றிலும் பிழை. இந்த ஊரின் பெயரையே தொல்லியலாளர்கள் இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய மனிதனுக்கு வைத்தார்கள். பி. இ. பி. தெரணியகல பெல்லன்பெந்தி பெலெஸ்ஸவில் 1956இல் அகழ்ந்தெடுத்த எலும்புக்கூடுகள் அந்தப் பழங்கால மனிதரைக் கண்முன் நிறுத்தின. குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்ப குகையில் கிடைத்த நுண்கற்கருவிகள் சப்ரகமுவக் குகைகளில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர் வாழ்ந்தனர் என்பதைக் காட்டின. ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது அவ்வளவு பழையது அல்ல, சமனலவெவ மேடுகளில் நடந்த இரும்புத் தொழில்.

பலாங்கொடைக்குத் தெற்கே வளவை ஆற்றின் மேற்பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக உலைகள் இருந்தன. துருத்தி ஊதாமல், தென்மேற்குப் பருவக்காற்றையே உலைக்குள் வாங்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் அந்த உலைகளை அகழ்ந்து, அதே வடிவில் புதிய உலை கட்டி, காற்று வீசும் மாதத்தில் இரும்பை உருக்கியும் காட்டினார். 1996இல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளியானபோது உலக உலோகவியல் வரலாற்றில் பலாங்கொடைக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த உலைகளின் காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. உலைகள் இருந்த நிலத்தில் ஒரு பகுதி இப்போது சமனலவெவ நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது.

இரும்புருக்கும் அறிவு உடனே அழிந்துவிடவில்லை. சப்ரகமுவவின் கிராமங்களில் அது சிறிய அளவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒட்டிக்கொண்டிருந்ததை ஆனந்த குமாரசுவாமி பதிவு செய்தார். சர் முத்துக்குமாரசுவாமியின் மகனான அவர் அப்போது இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார். தோரியனைட் என்று பின்னர் பெயரிடப்பட்ட கனிமம் 1904இல் உலகுக்குத் தெரியவந்ததும் பலாங்கொடைப் பகுதியின் ஆற்று மணலிலிருந்துதான். அதைக் கண்டெடுத்தவரும் அவரே. கலை வரலாற்றாளராக நாம் போற்றும் குமாரசுவாமி இந்த மண்ணைக் கல்லாகவும் மணலாகவும் படித்தவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் அதிகம் கவனிப்பதில்லை.

கண்டி அரசின் காலத்தில் இது சப்ரகமுவத் திசாவையின் ஆட்சிக்கு உட்பட்ட நாடு. அது கோறளைகளாகப் பிரிந்திருந்தது: குருவிட்டை, நவதுன், குக்குள், அட்டகலன், கொலொன்ன, மெத, கடவத்தை. பலாங்கொடை கடைசி இரண்டின் பரப்பில் வருகிறது. பாக்கும் மிளகும் இரத்தினக்கல்லும் இந்நாட்டின் செல்வம். இரத்தினபுரியிலிருந்து களு கங்கை வழியாகப் படகுகள் களுத்துறைக்கு இறங்கின. உப்பும் துணியும் கருவாடும் எதிர்த்திசையில் ஏறின. படகு போகாத மேட்டு நிலத்தில் தவள மாடுகள் பொதி சுமந்தன. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் இரத்தினபுரிப் பாதையும், மலையின் காவல் தெய்வமான சமனின் தேவாலயமும் சப்ரகமுவவுக்கு ஒரு புனிதத் தன்மையைக் கொடுத்தன. போர்த்துக்கேயர் அந்தத் தேவாலயத்தை இடித்து அங்கே கோட்டை கட்டினர். கண்டி மன்னர்கள் அதை மீட்டு மறுபடி எழுப்பினார்கள். ஒரு போர்த்துக்கேயச் சிப்பாய் சிங்களப் போர்வீரனை வெட்டும் காட்சியைச் செதுக்கிய பழைய கல் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது.

கண்டி அரசு வீழ்ந்த கதையிலும் சப்ரகமுவவுக்கு முக்கிய பங்கு உண்டு. 1814இல் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு எதிராக இங்கே எழுந்த கிளர்ச்சியின் பின்னால் நின்றவர் இதன் திசாவையான எகலபொல. கிளர்ச்சி தோற்றது, எகலபொல பிரித்தானியரிடம் ஓடினார், கண்டியில் அவருடைய குடும்பம் கொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் மெதமகாநுவரைப் பக்கம் ஒளிந்திருந்த மன்னனைப் பிடித்தவர்களின் தலைவர் குருவிட்டையைச் சேர்ந்த எக்னெலிகொட. நாயக்க மரபில் வந்த அந்த மன்னன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. சப்ரகமுவ பிரித்தானிய முடிக்குக் கீழ் வந்தது. சில ஆண்டுகளில் ஜோன் டேவி என்ற இராணுவ மருத்துவர் இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாக ஊவாவுக்கு ஏறிப்போய், 1821இல் தன் பயணங்களை நூலாக்கினார். ஐரோப்பிய வாசகருக்கு இந்த ஊரின் பெயர் எட்டிய ஆரம்பக் குறிப்புகளில் அதுவும் ஒன்று.

மாகாணம் விட்டு மாகாணம்

1833ஆம் ஆண்டு கோல்புறூக் – கமெரோன் சீர்திருத்தம் இலங்கையை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தது. கண்டி அரசின் நிலப்பரப்பைத் தனியாக விட்டால் அங்கே பழைய அரசின் நினைவு உயிரோடிருக்கும் என்ற அச்சம் ஆட்சியாளருக்கு இருந்தது. 1817, 1818 ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சி அப்போது மறக்கக்கூடிய அளவுக்குப் பழையதாகியிருக்கவில்லை. ஆகவே கண்டி நாட்டைத் துண்டாக்கி, துண்டுகள் பலவற்றைக் கரையோரப் பகுதிகளோடு சேர்த்துக் கட்டினார்கள். சப்ரகமுவ தென் மாகாணத்துக்குப் போனது. காலி, மாத்தறை, தங்காலை, அம்பாந்தோட்டை ஆகியவற்றோடு, கீழ் ஊவா, வெல்லஸ்ஸ, சப்ரகமுவ என்ற கண்டிப் பிரதேசங்களும் ஒரே மாகாணம். பலாங்கொடைக் குடியானவனின் ஆட்சித் தலைநகர் காலிக் கடற்கரையில் இருந்தது.

இந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1845இல் மாகாண எல்லைகள் மறுபடி மாற்றப்பட்டபோது சப்ரகமுவ மேல் மாகாணத்தில் சேர்க்கப்பட்டது. காலி போய் கொழும்பு வந்தது. அடுத்த 44 ஆண்டுகள் இரத்தினபுரியும் கேகாலையும் கொழும்புக் கச்சேரியின் தொலைதூர மாவட்டங்களாகவே இருந்தன.

பிறகுதான் 1889. ஆளுநர் சர் ஆர்தர் ஹமில்டன்-கோர்டன் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு ஊவாவைத் தனி மாகாணமாக்கியிருந்தார். கண்டிய நிலவுடைமைக் குடும்பங்களை ஆட்சியின் துணையாகக் கொள்ள வேண்டும், பழைய கிராம நிறுவனங்களுக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. புதிய மாகாணங்கள் அந்தக் கொள்கைக்கு வசதியாக அமைந்தன. இரத்தினபுரிக்கு ஓர் அரசாங்க அதிபர். கேகாலைக்கு ஓர் உதவி அரசாங்க அதிபர். அவர்களுக்குக் கீழே ரட்டேமகாத்மயாக்கள், கோறளைத் தலைவர்கள், ஆராச்சிகள். வரி, காவல், பாதை, நீர்ப்பாசனம், கிராமச் சபை எல்லாம் இந்தக் கட்டமைப்பின் வழியே ஓடின. கடவத்தை, மெத கோறளைகளின் ரட்டேமகாத்மயா பதவியில் பலாங்கொடையின் மகவலதென்னக் குடும்பத்தின் பெயர் வலுவாக விளங்கியது. அவர்களுடைய வளவு இப்பகுதியின் அதிகார மையமாக இருந்தது. இந்தக் குடும்பத்தைப் பின்னர் மறுபடி சந்திப்போம்.

மாகாணத்துக்குத் தன் அடையாளத்தைத் தேடிக் கொடுக்கும் வேலையும் உடனே தொடங்கியது. இலங்கையின் முதல் தொல்லியல் ஆணையாளரான எச். சி. பி. பெல் 1890இல் பொறுப்பேற்று, 1892இல் கேகாலை மாவட்டத்தின் கோயில்களையும் கல்வெட்டுகளையும் ஊர் மரபுகளையும் விரிவான அறிக்கையாக்கினார். அத்தகைய அக்கறை தோட்டங்களின் மேல் படவில்லை. தோட்டங்களைப் பற்றி அரசு அறிய விரும்பியது எத்தனை ஏக்கர், எத்தனை கூலிகள், எத்தனை இறாத்தல் விளைச்சல் என்பவையே. நான் பெலைக் குறைசொல்லவில்லை, அவர் வேலை அவருக்கு. ஆனால் ஒரு மாகாணத்தின் தொடக்க ஆவணங்களில் அதன் மக்களில் ஒரு பெரும் பகுதியினர் எண்ணிக்கையாக மட்டும் வருவது அந்த மாகாணம் எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது.

கோப்பியும் தேயிலையும்

இலங்கையில் பெரும் கோப்பித் தோட்டத்தின் தொடக்கமாகக் கம்பளையில் 1823இல் ஜோர்ஜ் பேர்ட் இட்ட சிங்கபிட்டியைச் சொல்வது வழக்கம். 1840இன் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடு, தரிசு, சேனை நிலங்களையெல்லாம் அரசுடையவை என்று வைத்துக்கொண்டது. ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்ற நிலம் 1844இல் ஒரு பவுணாக உயர்ந்தது. இந்த அலை கண்டியிலிருந்து தெற்கே இறங்கி, சப்ரகமுவவின் கிழக்கு விளிம்பில் பலாங்கொடை, இறக்குவானை என்ற இரு தோட்ட வட்டாரங்களை உண்டாக்கியது. பெர்குசன் தோட்டத் துரைமாருக்காக வெளியிட்ட விவரக் கையேடுகளில் அவை தனித்தனி வட்டாரங்களாகவே இடம்பெறுகின்றன.

இங்கே நிலத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் தோட்டத்துக்கு அடுத்தது தோட்டம், மலைக்கு அடுத்த மலையும் தோட்டம். பலாங்கொடையில் அப்படியில்லை. ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் நன்பேரியல், பொகவந்தலாவைப் பக்கம் ஏறும் சரிவில் பெட்டியாகலை, ரசகலை. இடையிடையே பள்ளத்தாக்கில் வயல், வயலைச் சுற்றி கிராமம், கிராமத்துக்கு மேலே சேனை, சேனைக்கு மேலே கோப்பி. தாழ்ந்த பக்கமான காவத்தை, பெல்மதுளை, இரத்தினபுரி வழியே 20ஆம் நூற்றாண்டில் றப்பர் வந்தது. தோட்டமும் கிராமமும் ஒன்றின் வேலிக்குள் மற்றது புகுந்த அமைப்பு. தோட்டங்கள் வயலைப் பறித்தனவா, காட்டை மட்டும் எடுத்தனவா என்பது வரலாற்றாசிரியரிடையே நெடுநாள் விவாதம். வயல் அதிகம் போகவில்லை என்பதை ஏற்றுக்கொண்டாலும், கிராமத்தவனுக்குச் சேனையும் மேய்ச்சலும் விறகும் கொடுத்த நிலம் போனது என்பதில் ஐயமில்லை. அந்த இழப்பின் கோபம் நிலத்தை விற்ற அரசின் மேலும் வாங்கிய கம்பெனியின் மேலும் விழவில்லை. அங்கே கூலிக்கு வந்தவன் மேல் விழுந்தது. பிந்திய கசப்புகள் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

கோப்பிக்குத் தேவைப்பட்ட ஆட்கள் பருவகாலத்து ஆட்கள். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து கங்காணியின் பின்னால் வந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வழியில் செத்தவர்களின் கணக்கு யாரிடமும் சரியாக இல்லை. 1869இல் கோப்பி இலையில் கண்ட துருநோய் அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரையே இல்லாமல் செய்தது. அதே காலத்தில் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்த பெரும் பஞ்சம் கிராமங்களைக் காலி செய்தது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பயிர், 1875இல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்து, 1895க்குள் மூன்று இலட்சம் ஏக்கராகப் பெருகியது.

தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரந்தோறும் கொழுந்து வரும். வாரந்தோறும் பறிக்க வேண்டும். கவ்வாத்து, உரம், களை, ஸ்டோர் வேலை என்று ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். கொழுந்து பறிப்பதில் பெண்ணின் கையே முதன்மையானது. ஆகவே ஆண் மட்டும் வந்த நிலை மாறிக் குடும்பமே வந்தது. வந்த குடும்பம் திரும்பவில்லை. 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டிய லயங்களில் பிள்ளைகள் பிறந்தார்கள். சப்ரகமுவ மாகாணம் காகிதத்தில் பிறந்த அதே ஆண்டுகளில், அதன் மலைகளில் ஒரு நிரந்தரத் தமிழ்க் குடியிருப்பு உருவாகிக்கொண்டிருந்தது.

13ஆம் இலக்கச் சட்டம்

அந்தக் குடியிருப்பை அரசு எப்படி எதிர்கொண்டது என்பதை 1889இன் 13ஆம் இலக்கச் சட்டத்தில் காணலாம். அதற்கு முன்பு நடைமுறையில் இருந்த 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். 1889இன் சட்டம் தோட்டத் தொழிலாளரைத் தனி இனமாகப் பிரித்தது. தோட்டப் பதிவேட்டில் பெயருள்ள, இந்தியக் கூலிகள் என்று பொதுவாக அறியப்படும் தொழிலாளரும் கங்காணிமாரும் அதன் வரம்பில் வந்தனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் தொழிலாளரையும், 'துலுக்கர்' என்று பெயர் சொல்லியே, அது உள்ளடக்கியது. வேலை உடன்படிக்கை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படுவதாகக் கொள்ளப்பட்டது. ஒரு மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தால் போதும்.

60 நாள் என்பதை ஒரு குடும்பத்தின் அடுப்பிலிருந்து நினைத்துப் பாருங்கள். சித்திரை மாதம் வேலை செய்தவளுக்கு ஆனி முடிவில் காசு. இடையில் அரிசி தோட்டத்திலிருந்து வரும், விலை சம்பளத்தில் கழியும். மற்றதற்குக் கங்காணி கடன் கொடுப்பார். ஊரிலிருந்து கூட்டி வரும்போதே கப்பல் கூலி, வழிச் சோறு என்று தொடங்கிய கடன் அது. தோட்டம் மாறுவதற்கும் கடனே தடை. கங்காணியின் கூட்டத்துக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதி, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை ஒரு துண்டுச் சீட்டுக் கொடுப்பார். அந்தத் துண்டோடு இன்னொரு தோட்டத்துக்குப் போனால் புதிய துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் மட்டும் இடம் மாறும், குறையாது. ஆள் ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அடுத்தடுத்த தோட்டங்கள் ஆளுக்காகப் போட்டியிட்ட காலங்களில் துண்டில் எழுதிய தொகை ஏறிக்கொண்டே போனது. இந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கான சட்டம் 1927இல் வந்தது.

இந்தச் சட்டத்தை மாகாணத்தின் பிறப்போடு சேர்த்து வாசிக்கும்போது ஒன்று துலங்குகிறது. மாகாணம் கிராமத்தவரை ஆளப் பழைய கோறளை முறைக்கு உயிர் கொடுத்தது. தோட்டத்தை ஆள அது ஒன்றும் செய்யவில்லை, துரையிடம் விட்டது. பிறப்பையும் இறப்பையும் பதிவாளருக்கு அறிவிப்பது துரை. மருந்து கொடுப்பது தோட்ட டிஸ்பென்சரி. தோட்டப் பாதையில் யார் நடக்கலாம் என்று சொல்வதும் துரை. 1907ஆம் ஆண்டுக் கிராமப் பள்ளிச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பள்ளி நடத்தும் கடமையையும் துரையிடமே கொடுத்தது. பலாங்கொடையில் பிறந்து, பலாங்கொடையில் பாடுபட்டு, பலாங்கொடை மண்ணில் புதைந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ரட்டேமகாத்மயா, கோறளை, கிராமச் சபை என்ற எதுவும் வராமலே போகலாம். காலையில் பிரட்டுக்களமும் மாலையில் கொழுந்து மடுவமும் மட்டுமே அவள் அறிந்த அரசு.

பாதையும் ரயிலும்கூட இந்தப் பிரிவை மாற்றவில்லை. களனிப் பள்ளத்தாக்கின் அகலம் குறைந்த ரயில் பாதை அவிசாவளையிலிருந்து 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. றப்பரும் தேயிலையும் அதில் கொழும்புக்கு இறங்கின. ஆனால் பாதை ஓப்பநாயக்கவோடு நின்றது; பலாங்கொடைக்கு ரயில் வரவே இல்லை. 1970களில் அவிசாவளைக்கு இப்பாலுள்ள பகுதியும் மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலிலும், 1914க்குப் பிறகு தனுஷ்கோடி – தலைமன்னார் வழியாகவும் வந்தவர்கள் பலாங்கொடைக்குச் சேர்ந்தது வண்டிப் பாதையிலோ, பொகவந்தலாவைப் பக்கமிருந்து மலை தாண்டியோதான்.

அதற்காக இரு பக்கத்து மக்களும் பேசாமலே இருந்தார்கள் என்று எண்ணக்கூடாது. கிராமத்துக் காய்கறியும் பாக்கும் வெற்றிலையும் லயத்துக்கு வந்தன. மாரியம்மன் திருவிழாவுக்குக் கிராமத்தார் வந்தார்கள். சிவனொளிபாத மலைக்குத் தோட்டத்தார் ஏறினார்கள். பலாங்கொடைப் பட்டணத்தில் முஸ்லிம் வணிகர் கடைகளும் நகரத்தார் கடைகளும் இரு பக்கத்தாருக்கும் கடன் கொடுத்தன. மக்கள் கலந்தார்கள், ஆட்சி அமைப்பு அவர்களைக் கலக்கவிடவில்லை.

வாக்கும் வெளியேற்றமும்

இந்தத் தொடக்கத்தின் விளைவு 20ஆம் நூற்றாண்டில் வாக்குரிமையில் தெரிந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, இந்தியத் தமிழர் நிரந்தரக் குடியிருப்பை நிறுவ வேண்டும் என்ற நிபந்தனையோடு அது வந்தது. 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அதில் வாக்கில்லை என்று வகுத்தார்கள். இந்திய அரசு எதிர்த்ததும், இந்தியர் என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தோட்டத் தொழிலாளர் எல்லோரையும் விலக்கும் வடிவுக்கு மாற்றினார்கள். 1889இல் போட்ட கோடு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே இடத்தில் இருந்தது. 1946இல் கேகாலை மாவட்டத்தின் உந்துகொடைப் பகுதியில் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென அரசு எடுத்து, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னபோது தோட்டங்கள் எங்கும் வேலைநிறுத்தம் பரவியது. சப்ரகமுவவின் பின்னிய நில அமைப்புக்குள் இருந்த முரண் அன்று நாடு முழுவதற்கும் தெரிந்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவற்றில் சப்ரகமுவவுக்கு உரியது ஒன்றும் இல்லை. தோட்டங்கள் தனித்தனித் துண்டுகளாகச் சிதறிக் கிடந்ததால் இங்கே எந்தத் தொகுதியிலும் தொழிலாளர் பெரும்பான்மையாகவில்லை. பலாங்கொடையில் வென்றவர் சர் பிரான்சிஸ் மொலமுறே. அவரே முதல் நாடாளுமன்றத்தின் சபாநாயகரானார். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வாக்கைப் பறித்த தேர்தல் திருத்தச் சட்டமும் நிறைவேறிய அவையின் ஆசனத்தில் பலாங்கொடை உறுப்பினர் அமர்ந்திருந்தார். சபாநாயகர் சட்டத்தை எழுதுபவரல்லர். அதற்கான பொறுப்பை அவர்மேல் ஏற்றுவது நியாயமாகாது. ஆனால் பெட்டியாகலையிலும் ரசகலையிலும் இருந்த தொழிலாளி, தன் தொகுதியின் உறுப்பினர் தலைமை தாங்கிய அவையில் தன் வாக்கை இழந்தான். ஆசனங்களை வகுக்க மக்கள்தொகையை எண்ணும்போது மட்டும் அவன் தொடர்ந்து எண்ணப்பட்டான். அவனுடைய எண்ணிக்கையால் கிடைத்த கூடுதல் பலம் கிராமத்து வாக்காளருக்குப் போனது.

மகவலதென்னக் குடும்பம் இங்கேதான் மறுபடி வருகிறது. அந்தக் குடும்பத்துப் பெண்ணின் மகளாக 1916 ஏப்ரல் 17இல் பிறந்து, சிறுவயதைப் பலாங்கொடை மகவலதென்ன வளவில் கழித்தவர் சிறிமாவோ ரத்வத்த. உலகின் முதல் பெண் பிரதமராக அவர் 1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தத்தின்படி, நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுப்பது என்றாயிற்று. அந்த 1,50,000 பேரையும் 1974இல் இந்திரா காந்தியோடு பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். தொழிலாளரின் பெயரால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட எவரும் இல்லை. எண்ணிக்கை மட்டும் பேசப்பட்டது. அந்த வளவிலிருந்து பார்த்தால் தெரியும் மலைகளில்தான் அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதியினர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்வது ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. வளவும் லயமும் ஒரே மண்ணில் நூறாண்டு அருகருகே இருந்தும், ஒன்றிலிருப்பவருக்கு மற்றதிலிருப்பவர் அயல்நாட்டுக் கணக்காகவே தெரிந்தார் என்றால், அதை அந்த மாகாணத்தின் அமைப்பே சாத்தியமாக்கியது.

1977இலும் 1981 ஆகஸ்டிலும் வன்முறை இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களைத் தாக்கியது. கிராமங்களால் சூழப்பட்ட லயங்களுக்கு ஓடித் தப்ப வழி குறைவாக இருந்தது. பலர் வவுனியாவுக்கும் வன்னிக்கும் போனார்கள். இந்தியாவுக்குப் போன குடும்பங்கள் நீலகிரியிலும் பிற இடங்களிலும் மறுபடி தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தன. நின்றவர்களுக்கு 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமைப் பிரச்சினையை ஒருவாறு தீர்த்தன. வாக்கு வந்தது. ஆனால் உள்ளூராட்சியில் 1889இன் கோடு அதற்குப் பின்னும் அழியவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தன் வாக்காளர் வாழும் தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிட முடியாமல் இருந்தது. அந்தத் தடை 2018இல் நடந்த திருத்தத்தில்தான் நீங்கியது.

நிலம் மட்டும் எஞ்சியிருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையான தோட்டங்களை 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். பெட்டியாகலை, ரசகலை, மெத்தகந்தை, நன்பேரியல் உட்பட இப்பகுதித் தோட்டங்கள் பல பலாங்கொடைப் பெருந்தோட்டக் கம்பெனியின் கீழ் வந்தன. நிலம் அரசுடையது, கம்பெனி 53 ஆண்டுக் குத்தகைக்காரர், லயத்துக்காரர் அந்த நிலத்தில் குடியிருப்பவர். வீட்டோடு 7 பேர்ச் காணி கொடுக்கும் திட்டங்கள் சில இடங்களில் நடந்திருக்கின்றன; பெரும்பாலான குடும்பங்களிடம் உறுதி இல்லை. குத்தகை 2045இல் முடிகிறது. அந்த ஆண்டுக்குப் பின் இந்த மலைகளை யாருக்கு, எந்த உரிமையோடு கொடுப்பது என்று தீர்மானிக்கும் பேச்சு இப்போதே தொடங்க வேண்டும். 1889இல் இல்லாத ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும்: பலாங்கொடைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.